தூக்கிவிடும் நகரம்

ஊர் திரும்பியவர்கள் எழுதும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. பனகல் பூங்காவின் நிழல், லஸ் முனையில் குடித்த காபி, அடையாறில் கேட்ட குயில். கடைசியில் ‘அந்த மெட்ராஸ் போச்சு’ என்று ஒரு பெருமூச்சு. 36 வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு 2025 தை மாதம் வந்திறங்கியபோது நானும் அப்படி ஒன்று எழுதத்தான் நினைத்திருந்தேன். முடியவில்லை. அந்தப் பெருமூச்சு நடக்கிறவர்களுடையது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. 1988இல் ஊரைவிட்டுப் போனபோது இரும்புக் காலிப்பரும் இரண்டு ஊன்றுகோல்களும். இப்போது சக்கர நாற்காலி. பழைய மெட்ராஸ் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது பஸ் படிக்கட்டுதான். அப்பா தூக்கி ஏற்றுவார். அவர் இல்லாத நாளில் கண்டக்டர், அல்லது முன்பின் தெரியாத யாரோ. நல்ல மனிதர்கள், சந்தேகமில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பையனைத் தூக்கிவிடுகிறவருக்கு “எங்கப்பா தனியா கிளம்பிட்டே?” என்று கேட்கும் உரிமையும் சேர்ந்தே வந்துவிடும். வீட்டுக்குத் தெரியாமல் நான் ஒரு மேட்னி ஷோ பார்த்ததில்லை.

அசோகமித்திரன் தி. நகரில் ஒரு பூங்காவில் உட்கார்ந்து எழுதுவார் என்பது இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த செய்தி. இந்த ஊரின் அன்றாடச் சிரமத்தை அவருடைய ‘தண்ணீர்’ போலச் சொன்ன நாவல்கள் குறைவு. அதிலும் குடத்தோடு அலைவது கால்கள்தான். நம் சென்னை எழுத்தே பெரும்பாலும் நடந்து எழுதியது, அது குற்றமில்லை. அதை வைத்து ‘பழைய நகரம் எல்லாருக்கும் இடம் கொடுத்தது’ என்று தீர்ப்பு எழுதும்போதுதான் எனக்கு இடிக்கிறது.

புதிய நகரம் எனக்குச் சிலவற்றைத் தந்திருக்கிறது. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை. 2022 நவம்பரில் திறந்தார்கள்; இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் ஒரு பகுதியை உடைத்தது, சரிசெய்தார்கள். யார் தோளையும் பிடிக்காமல் அலைப் பக்கம் போனது அங்கேதான், வாழ்க்கையில் முதல்முறை. பாண்டி பஜாரில் 2019இல் வந்த அகலமான நடைபாதை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் வந்தன, முதலில் 58. அவை தானாக வரவில்லை. வைஷ்ணவி ஜெயக்குமார் போன்ற உரிமைச் செயற்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்காகப் போராடியதன் பலன்.

சரி, இவற்றை வைத்து ஒருநாள் தி. நகரிலிருந்து மயிலாப்பூருக்குத் தனியாகப் போவது என்று கிளம்பினேன். பஜார் நடைபாதை அருமை. அது முடிந்து திரும்பிய தெருவில், பைக் ஏறாமலிருக்க நட்ட கம்பங்களுக்கு நடுவே என் நாற்காலி நுழையவில்லை. சாலையில் இறங்கித்தான் நிறுத்தத்துக்குப் போனேன். பஸ் வந்தது, பலகையை இறக்கினார்கள், ஏறினேன். மயிலாப்பூரில் இறங்கினால், தோண்டும் வேலைக்காகத் தகரம் அடித்த சாலை. பிளாட்பாரம் ஓரடி உயரம். ஒரு கடையில் “ரேம்ப் போட்டிருக்கோமே சார்” என்று பெருமையாகக் காட்டினார்கள். ஓரடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அது மூன்றடிகூட இல்லை. அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம்.

கடைசியில் இரண்டு பையன்கள் வந்தார்கள். “தூக்கி விடட்டுமா சார்?” தூக்கினார்கள். “எங்க சார் தனியா?” 1988 அப்படியே நாற்காலிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது.

பாதையும் பஸ்ஸும் தனித்தனியே நன்றாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத்தான் வழியில்லை. காரணம், இவற்றை நாம் இன்னும் தானமாகவே பார்க்கிறோம். தானம் கொடுப்பவர் தனக்கு வசதியான இடத்தில் கொடுப்பார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். அதன்கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆவது விதி, அணுகல் தரங்களைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரைபோல் விட்டுவிட்டது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது 2024 நவம்பரில். கட்டாயமான விதிகளை வகுக்கச் சொன்னது. என் கட்சியும் அதுதான். ஒரு சாய்தளத்தைத் திறந்துவைப்பது சாதனையில்லை. அதுவரை ஒருவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்கத் தெரிய வேண்டும்.

அந்தப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அன்று வீடு திரும்பியிருக்க மாட்டேன். ஆனால் நன்றி சொல்லாமல் தெருவைக் கடக்கும் ஒரு நாள் எனக்கு வேண்டும். நடக்கிற யாரும் அதை ஒரு சுகமாக நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அடையாறில் பள்ளித் தோழன் வீட்டுக்குப் போக வேண்டும். “நான் கார் எடுத்துட்டு வரேன்டா, நீ ஏன் கஷ்டப்படறே” என்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பஸ் இருக்கிறது. நிறுத்தத்திலிருந்து அவன் வீட்டுக்கு 300 மீட்டர். பழைய மெட்ராஸைப் பற்றி உருகுகிறவர்கள் ஒருமுறை அந்த 300 மீட்டரைப் பற்றியும் எழுதலாம்.