கோபப்பட ஒரு நெற்றி

"சார், போட்டாக்ஸ் போட்டுக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

கேட்டவர் ஒரு டி.வி. நடிகை. பெயர் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு சபா நாடகத்தில் நடித்தவர். இப்போது வயது நாற்பத்து நாலு. தன்னைவிட ஆறே வயசு குறைந்த ஒரு கதாநாயகனுக்கு சீரியலில் அம்மாவாக வருகிறார். நாடகத்தில் இவரிடம் எனக்குப் பிடித்தது வசனம் பேசிய விதம்கூட இல்லை, புருவங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சதுர அங்குலம்தான். கோபம் வருவதற்கு ஒரு விநாடி முன்னால் அங்கே இரண்டு செங்குத்துக் கோடுகள் விழும். கேன்டீன் போண்டாவை மென்றுகொண்டிருக்கும் கடைசி வரிசைகூட மெல்லுவதை நிறுத்திவிடும்.

இப்போது அந்த இரண்டு கோடுகளும் கோபம் போனபின்னும் போகாமல் அங்கேயே குடியிருக்கின்றன. கேமராமேன் அதற்குப் பெயரே வைத்துவிட்டாராம். "மேடம், அந்தப் பதினொண்ணு ரொம்பத் தெரியுது, லைட் போட்டாலும் போக மாட்டேங்குது."

என்னைக் கேட்டது தப்பு. நான் டாக்டர் இல்லை. அழகைப் பற்றிப் பேசுவதற்கு என் முகத்துக்கும் எந்தத் தகுதியும் இல்லை. "ஒரு வாரம் டைம் குடும்மா" என்று சொல்லிவிட்டு, அதற்கு முன்னால் பார்க்க ஒரு படம் சிபாரிசு செய்தேன். 'தி சப்ஸ்டன்ஸ்'. 2024-ல் வந்த படம். இயக்கியவர் கொராலி ஃபார்ஷா என்ற பிரெஞ்சுப் பெண்மணி. கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்குப் பரிசு வாங்கியது. என் வீட்டு ஹாலிலேயே போட்டோம். என் மனைவி முதல் அரை மணியில் எழுந்து போய்விட்டார். (இதயம் பலவீனமானவர்கள் இந்தப் பாராவோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

கதை இதுதான். எலிசபெத் ஒரு காலத்தில் பெரிய ஸ்டார். இப்போது டி.வி.யில் காலை நேர உடற்பயிற்சி நிகழ்ச்சி நடத்துகிறாள். ஐம்பதாவது பிறந்த நாளன்று வேலையிலிருந்து தூக்குகிறார்கள். தூக்கும் அதிகாரி இறாலை உரித்துத் தின்றுகொண்டே அதைச் சொல்கிறான். அந்த க்ளோஸப்புக்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மர்ம மருந்து கிடைக்கிறது. ஊசி போட்டுக்கொண்டதும் அவள் முதுகு பிளந்து இளமையான இன்னொருத்தி வெளியே வருகிறாள். ஏழு நாள் இவள், ஏழு நாள் அவள். முறை மாறக் கூடாது. இளையவள் ஒரு நாள் கூடுதலாகத் திருடினால் மூத்தவளின் உடம்பில் ஏதாவது ஒரு பாகம் கிழடாகும். முதலில் ஒரு விரல். பிறகு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

"இது நம்ம யயாதி கதை இல்ல?" என்றார் நடிகை. அதேதான். சுக்ராச்சாரியார் சாபத்தால் கிழவனான யயாதி தன் மகன் பூருவிடம் இளமையைக் கடன் வாங்குகிறான். காண்டேகர் மராத்தியில் நாவல் எழுதினார், கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் நாடகம் எழுதினார். இரண்டிலும் கேள்வி, அப்பன் கேட்டால் மகன் கொடுக்கத்தான் வேண்டுமா என்பது. ஃபார்ஷா செய்திருக்கும் புத்திசாலித்தனம், கடன் கொடுப்பவளையும் வாங்குபவளையும் ஒரே ஆளாக்கியது. எலிசபெத்தைச் சுரண்டுவது எலிசபெத்தேதான். யார் மேல் கேஸ் போடுவது?

படத்தின் உச்சம் ரத்தம் தெறிக்கும் காட்சிகளில் இல்லை. பழைய பள்ளித் தோழன் ஒருவனுடன் வெளியே சாப்பிடப் போக எலிசபெத் தயாராகிற காட்சி. அவனுக்கு அவளை அவளாகவே பிடிக்கும். சிவப்பு உடை, மேக்கப், எல்லாம் ஆயிற்று. கதவு வரை போகிறாள். ஜன்னல் வழியே பேனரில் இளையவள் சிரிக்கிறாள். திரும்பி வந்து கண்ணாடி முன் கொஞ்சம் லிப்ஸ்டிக். மறுபடி கதவு. மறுபடி கண்ணாடி. கழுத்தை மறைக்க ஒரு துணி. கடைசியில் முகத்தையே பிய்த்துவிடுவதுபோல் தேய்த்துத் தேய்த்து எல்லாவற்றையும் அழிக்கிறாள். அவன் அங்கே காத்திருக்கிறான். இவள் போகவே இல்லை. நடிகை இந்த இடத்தில் ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு படம் கெட்டுப்போகிறது என்பது என் கட்சி. கடைசி அரை மணி நேரம் ராட்சசி, ரத்தக் குழாய், அலறல். கத்திச் சொன்னால்தான் காது கேட்கும் என்று நினைத்துவிட்டார் இயக்குநர். இன்னொரு புகார். ஆண்கள் பெண் உடம்பைத் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள் என்று கண்டிக்கும் படம், இளையவளைக் காட்டும்போது அதே துண்டுகளை அதே ஆசையோடு வெகுநேரம் காட்டுகிறது. கிண்டல்தான், புரிகிறது. ஆனால் ஐந்தாவது நிமிஷத்தில் கிண்டல் எது, வியாபாரம் எது என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வேறு. அந்த மருந்துக்கு யாரும் பில் நீட்டுவதில்லை! நிஜ உலகில் இந்த வியாபாரத்தின் உயிர்நாடியே பில்தான். போட்டாக்ஸ் மூன்று நாலு மாதத்தில் தேய்ந்துவிடும். மறுபடி போக வேண்டும். கேபிள் டி.வி. சந்தா மாதிரி. ரத்தத்தில் பயமுறுத்திய ஃபார்ஷா ரசீதில் பயமுறுத்தியிருந்தால் இந்தப் படம் இன்னும் கிட்டே வந்திருக்கும்.

போட்டாக்ஸ் கதை எந்தத் திரைக்கதையையும்விட விசித்திரமானது. 1820-வாக்கில் ஜெர்மனியில் கெட்டுப்போன சாசேஜ் தின்று மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற டாக்டர் (கவிஞரும்கூட) அந்த விஷத்தை ஆராய்ந்தார், தன் மேலேயே கொஞ்சம் சோதித்தும் பார்த்தார். லத்தீனில் சாசேஜுக்கு 'போட்டுலஸ்'. பெயர் அங்கிருந்து வந்தது. 1895-ல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டில் வாசித்த பேண்டு கோஷ்டி பன்றிக்கறி சாப்பிட்டதில் மூன்று பேர் போய்ச் சேர, வான் எர்மெங்கெம் என்பவர் அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்.

அந்த விஷம் செய்வது ஒரே காரியம். மூளை 'சுருங்கு' என்று தந்தி அடிக்கிறது. நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்ற தபால்காரர் அதைத் தசையிடம் கொடுக்க வேண்டும். விஷம் தபால்காரரை வெளியே விடாமல் பூட்டிவிடுகிறது. தசை சும்மா இருக்கிறது. நிறையப் போனால் மூச்சுத் தசையும் சும்மா இருந்துவிடும், ஆள் காலி. துளியிலும் துளி போனால் வேண்டிய தசை மட்டும் ஓய்வெடுக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர் இதை வைத்து மாறுகண்ணைச் சரிசெய்ய முடியும் என்று காட்டினார். 1989-ல் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி தந்தது.

அழகு தற்செயலாக வந்தது. 1987-ல் கனடாவின் வான்கூவரில் ஜீன் கருத்தர்ஸ் என்ற கண் டாக்டரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெண்மணி ஒருவர் கோபித்துக்கொண்டார். "இந்தத் தடவை ஏன் நெற்றியில் போடவில்லை?" அங்கே துடிப்பே இல்லையே என்றார் டாக்டர். "அங்கே போட்டால்தான் முகம் கவலையில்லாமல் இருக்கிறது" என்றாராம் அவர். டாக்டரின் கணவர் தோல் மருத்துவர். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் விஷயம் போயிருக்கும். மறுநாளே தங்கள் ரிசப்ஷனிஸ்டுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1992-ல் கட்டுரை வந்தது. 2002-ல் புருவ மத்திக் கோடுகளுக்கு அதிகாரபூர்வ அனுமதி. நம் நடிகையின் அதே சதுர அங்குலம்!

அபாயம் உண்டா என்றால், தெரிந்த டாக்டர் அளவாகப் போட்டால் பெரும்பாலும் தற்காலிகத் தொல்லைகள்தான். இமை சரிவது, தலைவலி. மருந்து போட்ட இடத்தைத் தாண்டிப் பரவலாம் என்று 2009-ல் அட்டையில் எச்சரிக்கை போட வைத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் சில நரம்புத் தசை நோய் உள்ளவர்களுக்கும் கூடாது. குழியை நிரப்பும் 'ஃபில்லர்' வேறு ஜாதி. நம் தோலிலேயே இருக்கும் ஹைலூரானிக் அமிலத்தை ஜெல்லாக்கி உள்ளே தள்ளுகிறார்கள். தப்பித் தவறி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் அந்த இடத்துத் தோல் செத்துவிடும். அபூர்வமாகக் கண்ணே போயிருக்கிறது. தள்ளுபடி கூப்பனைப் பார்த்துவிட்டுத் தெருமுனை பார்லரில் நெற்றியைக் கொடுப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாடிஸ் டீக்கன் என்ற பேரழகி, பின்னாளில் மார்ல்பரோ சீமாட்டி, கிரேக்கச் சிலை மாதிரி மூக்கு வேண்டும் என்று 22 வயதில் பாரஃபின் மெழுகை ஏற்றிக்கொண்டார். மெழுகு நாளடைவில் மோவாய்க்கு இறங்கிவிட்டது.

நடிகையின் பிரச்னைக்கு வருவோம். சராசரி மனுஷிக்கு நெற்றிக்கோடு போனால் லாபமோ நஷ்டமோ அவள் பாடு. நடிகைக்கு நெற்றி என்பது கருவி. வித்வான் தம்புராவின் ஒரு தந்தியை அறுத்துவிட்டு உட்கார முடியுமா? தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்கிறார். அவற்றில் வெகுளிக்கும் அச்சத்துக்கும் அழுகைக்கும் புருவம் வேண்டும். 2010-ல் வந்த ஓர் ஆராய்ச்சி இன்னும் சுவாரஸ்யம். புருவத் தசைக்கு போட்டாக்ஸ் போட்ட பெண்களுக்குக் கோபமான, சோகமான வாக்கியங்களைப் படிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்ததாம். சந்தோஷமான வாக்கியத்துக்கு வித்தியாசமில்லை. ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வித்தியாசம் துளிதான். ஆனால் முகம் மனசுக்கு வெறும் போர்டு இல்லை, மனசும் முகத்தைப் பார்த்துத்தான் கொஞ்சம் கற்றுக்கொள்கிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

"அதெல்லாம் சரி சார். கோடு போனா நடிப்பு போகும்ங்கறீங்க. கோடு இருந்தா சான்ஸே போயிடுமே!"

பதில் இல்லை. ரஜினிகாந்த் வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாக மேடையேறுகிறார், எளிமை என்று கைதட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன். அந்த வயசு கதாநாயகி ஒருத்தர் அப்படி வந்தால் 'ஐயோ பாவம், எப்படி இருந்தவங்க' என்போம். நாயகர்களுக்கு இப்போது ஊசிகூட வேண்டாம். 2024-ல் 'கோட்' படத்தில் விஜய்யைக் கம்ப்யூட்டரே இளைஞனாக்கிவிட்டது.

1950-ல் பில்லி வைல்டரின் 'சன்செட் புலவார்ட்' வந்தது. ஐம்பது வயசில் மறுபடி நடிக்கத் துடிக்கும் மௌனப்பட நடிகை. நடித்த குளோரியா சுவான்சனுக்கும் படப்பிடிப்பில் ஐம்பதுதான். ஆனாலும் போதுமான அளவு கிழவியாகத் தெரியவில்லையே என்று மேக்கப் போடப் பார்த்தார்களாம். "அதற்குப் பதில் கதாநாயகனை இளமையாக்குங்கள்" என்றாராம் அவர். அந்த வருஷத்து ஆஸ்கர் சுவான்சனுக்குக் கிடைக்கவில்லை. இருபத்தொன்பது வயசு ஜூடி ஹாலிடேக்குப் போயிற்று. 2025-ல் 'சப்ஸ்டன்ஸ்' எலிசபெத்தாக நடித்த டெமி மூருக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. மேடையில், முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தயாரிப்பாளர் தன்னை 'பாப்கார்ன் நடிகை' என்றதை நினைவுகூர்ந்தார். ஆஸ்கரில்? இருபத்தைந்து வயசு மைக்கி மேடிசனிடம் தோற்றார். மேடிசனும் நல்ல நடிகை, அதில் குறை சொல்ல முடியாது. 'சப்ஸ்டன்ஸ்' படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் மேக்கப்புக்கு. அழகாக்கியதற்கு இல்லை, கோரமாக்கியதற்கு.

நம் ஊரில் இரண்டு பேர் எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு எடுத்ததும் பிள்ளையாரிடம் கிழவியாக்கச் சொல்லி வேண்டிக்கொண்டார் ஔவையார். காரைக்கால் அம்மையார் அழகை உதறிவிட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கினார். இளமை உடம்போடு இருந்தால் ஊர் தன்னை ஊர் சுற்றவும் பாடவும் விடாது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. இதைப் பெருமையாகச் சொன்னேன். நடிகை சிரித்தார். "அவங்களுக்கு ஈ.எம்.ஐ. இல்ல சார்."

நான் கடைசியில் சொன்னது ரொம்ப சாதாரணமான விஷயங்கள். வெயிலுக்கு சன்ஸ்க்ரீன் தடவு. சிகரெட் புகை பக்கம் போகாதே. முகப்பருவுக்குக் கொடுத்த டிரெட்டினாயின் சுருக்கத்தையும் குறைப்பதை அமெரிக்காவில் கிளிக்மன் என்ற தோல் டாக்டர் எண்பதுகளிலேயே கவனித்துவிட்டார். அதைப் பற்றி டாக்டரிடம் கேள். ஊசிதான் என்றால் பாதி அளவில் ஆரம்பிக்கச் சொல். முழுசாக உறையவிடாதே.

போன வாரம் போன் வந்தது. நல்ல தோல் டாக்டரிடமே போயிருக்கிறார். குறி வைத்து மருந்து போடுவதற்காக, "எங்கே, நல்லாக் கோபப்படுங்க பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் பட்டார். பக்கத்தில் டிரே பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் இரண்டடி பின்னால் போய்விட்டாராம்.

"அப்புறம்?"

"திரும்பி வந்துட்டேன் சார். சீரியல்ல மருமகளோட பெரிய சண்டை இப்பத்தான் ஆரம்பிக்குது. நாப்பது எபிசோடுக்குக் கோபம் பாக்கி இருக்கு. அது முடிஞ்சதும் பாத்துக்கலாம்."