துக்கடா

"அதெல்லாம் துக்கடா மேட்டர், விடுடா" என்று நண்பன் சொன்னான். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

மராத்தியில் துகடா, இந்தியில் டுக்டா. இரண்டிலும் பொருள் 'துண்டு', அவ்வளவுதான். தமிழுக்கு வந்தபின் துண்டு அற்பமாகிவிட்டது.

கர்நாடக இசைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்தபின் வரும் பதம், ஜாவளி, விருத்தம், தில்லானா எல்லாம் துக்கடாதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையில் அவற்றுக்குக் கடைசி இடம். தமிழ்ப் பாட்டுகளும் பெரும்பாலும் அங்கேதான் ஒதுக்கப்பட்டன. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இந்த மனக்குறையும் இருந்தது.

என் கட்சி இதுதான்: அற்பம் என்பதால் அந்தப் பாட்டுகள் கடைசிக்குப் போகவில்லை. கடைசியில் வைத்ததால் அற்பமாகத் தெரிந்தன. சொல்லின் பொருளை வரிசைதான் எழுதியது.

விருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாளம் கிடையாது, மிருதங்கம் சும்மா இருக்கும். ராகமும் சொல்லும் மட்டும்தான். பாடுகிறவருக்குத் தமிழ் புரிந்திருக்கிறதா என்பது அங்கே தெரிந்துபோகும், தப்பிக்கவே முடியாது. எனக்கு அதுதான் மெயின்.

ஆனால் அது வரும்போது பாதி அரங்கம் வெளியே செருப்பைத் தேடிக்கிட்டு இருக்கும்.