சான்று சொன்னதும் முடிவுரை சொன்னதும்

ஆய்வேடு எழுதப் போகும் மாணவர்கள் ஸிஸிலியா பெய்னின் ‘ஸ்டெல்லர் அட்மாஸ்ஃபியர்ஸ்’ பற்றி அறிந்துகொள்வது நல்லது. 1925-ல் டாக்டர் பட்டத்திற்காக எழுதப்பட்ட ஆய்வேடு இது. இதன் நிறை, குறை இரண்டுமே நமக்குப் பாடமாகும்.

விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கருங்கோடுகள் தெரியும். ஒரு தனிமத்தின் கோடு அழுத்தமாக இருந்தால், அத்தனிமம் அங்கே மிகுதி என்று எண்ணத் தோன்றும். ஆனால் கோட்டின் அழுத்தம் வெப்பநிலையையும் பொறுத்தது. இதைக் கணக்கிட 1920-ல் மேகநாத் சாஹா தந்த அயனியாக்கச் சமன்பாடு வழிகாட்டியது. பெய்ன் அதை ஹார்வர்டு வானாய்வகத்தின் நிறமாலைப் படங்களுக்குப் பயன்படுத்தினார்.

சூரியனின் மேற்பரப்பில் நூறு கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒரு சிலவே கட்புலக் கோடுகளை உண்டாக்கும் நிலையில் உள்ளன. அப்படியிருந்தும் அக்கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. அப்படியானால் ஹைட்ரஜன் எவ்வளவு இருக்க வேண்டும்? உலோகங்களைப் போல் ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு என்றது பெய்னின் கணக்கு.

இங்கேதான் குறை தொடங்குகிறது. சிலிக்கான் போன்ற தனிமங்களுக்கு அதே முறை தந்த விகிதங்கள் பூமியின் மேலோட்டை ஒத்திருந்தன. அவற்றைப் பெய்ன் ஏற்றுக்கொண்டார். ஹைட்ரஜன், ஹீலியம் அளவுகளை மட்டும் பெரும்பாலும் உண்மையல்ல என்று ஒதுக்கினார். சூரியனும் பூமியும் ஒரே கலவையால் ஆனவை என்று நம்பிய பிரின்ஸ்டன் வானியலறிஞர் ஹென்றி ரஸ்ஸல், அம்முடிவு நடக்கவியலாதது என்று கூறியிருந்தார்.

ஐயப்படுவது குற்றமன்று. ஆனால் ஐயத்திற்கும் சான்று வேண்டும். ஒரே தராசு சிலிக்கானுக்குச் சரி, ஹைட்ரஜனுக்குத் தவறு என்றால், பிழை எங்கே என்று காட்ட வேண்டாமா? ஹைட்ரஜன் அணு விதிவிலக்காக நடந்துகொள்ளலாம் என்பது வெறும் ஊகமாகவே நின்றது. மூத்த அறிஞரின் மறுப்பு, 25 வயது மாணவியின் முடிவுரையில் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆயினும் பெய்ன் தம் எண்களை மறைக்கவில்லை, திருத்தவுமில்லை. பட்டியலில் அவை அப்படியே இருந்தன. 1929-ல் ரஸ்ஸலே வேறொரு முறையில் அதே முடிவுக்கு வந்து, பெய்னின் ஆய்வையும் குறிப்பிட்டார்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஆய்வில் எதிர்பாராத எண் ஒன்று வந்தால், முதலில் கணக்கையும் கருவியையும் சரிபாருங்கள். எண் மாறாவிட்டால் அதை அப்படியே எழுதுங்கள். ஐயமிருந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் காரணத்துடன் எழுதுங்கள். அந்தக் காரணம் ஒரு பெரியவரின் பெயராக மட்டும் இருக்கக் கூடாது.