கொலை செய்யத் தகுதியில்லாதவர்கள்

துப்பறியும் கதைக்குச் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ்.எஸ். வான் டைன் என்ற அமெரிக்கர் 1928இல் இருபது விதிகள் போட்டார். 1929இல் இங்கிலாந்துப் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் பத்துக் கட்டளைகள் தந்தார். துப்பை ஒளிக்காதே, குற்றவாளியை ஆரம்பத்திலேயே காட்டிவிடு, பேய் பிசாசு கூடாது. வாசகனை ஏமாற்றாத நாணயம் இது. மறுக்கவில்லை.

வான் டைனின் பதினோராவது விதிதான் உறுத்துகிறது. வேலைக்காரர் யாரையும் கொலைகாரராக்கக் கூடாதாம். அது ரொம்ப சுலபமான விடையாம். குற்றவாளி மதிப்புள்ள ஆளாக, சாதாரணமாகச் சந்தேகம் விழாத ஆளாக இருக்கணுமாம்.

எங்கம்மா பாத்திரம் தேய்த்த வீட்டில் ஒருநாள் மோதிரம் காணோம். முதலில் அம்மாவின் முந்தானையைத்தான் உதறச் சொன்னார்கள். மோதிரம் சோப்புப் பெட்டியில் கிடந்தது. சந்தேகத்துக்கு முதல் ஆள், கதைக்குக் கடைசி ஆள். அந்த விதி சொல்வதும் இதைத்தானே?

கொலைகாரியாகிற உரிமையையா கேட்கிறோம்? இல்லை. கொலைக்குக் காரணம் வேணும்: ஆசை, கோபம், தீராத பழைய கணக்கு. வேலைக்காரிக்கும் அப்படியொரு உள்மனசு உண்டு என்று அந்த விதிக்குத் தோன்றவேயில்லை.

செஸ்டர்ட்டன் 1911லேயே 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' கதையில் இதைத் தொட்டுவிட்டார். வாசலைக் கவனிக்க நிறுத்திய நாலு பேரும் யாரும் வரலைன்னு சாதிக்கிறார்கள். பனியிலோ காலடித் தடம். வந்தவன் தபால்காரன். பிணத்தையே மூட்டையில் போட்டு அவர்கள் முன்னால்தான் தூக்கிப் போயிருக்கிறான். அருமையான கதை. ஆனால் தபால் உடுப்பு ஒளிந்துகொள்ள நல்ல இடம் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த உடுப்புக்குள்ளிருந்து பார்த்தால் உலகம் எப்படித் தெரியும்? அதைக் கேட்கவில்லை.

கேட்டவர் பார்பரா நீலி என்ற கறுப்பினப் பெண். 1992இல் வந்த 'பிளாஞ்ச் ஆன் தி லாம்' நாவலில் துப்பறிகிறவளே வீட்டு வேலைக்காரிதான். வெள்ளைக்காரக் குடும்பம் அவளை ஒரு ஆளாகவே நினைப்பதில்லை. அதனால் அவள் காதுபடவே எல்லாம் பேசுகிறது. அடுப்படியில் நின்றபடியே அவள் ஒவ்வொன்றாய்ச் சேர்த்து முடிச்சவிழ்க்கிறாள். அவர்கள் பார்க்காமல் விட்டதே அவளுக்குக் கண்ணாகிவிடுகிறது.

முந்தானையை உதறிக் காட்டிவிட்டு அம்மா மறுபடி பாத்திரம் தேய்க்கத்தான் உட்கார்ந்தாள். அந்த வீட்டைப் பற்றி அவளுக்கு என்னென்ன தெரிந்திருக்கும்! யாரும் கேட்கலை. நானும் கேட்டதில்லை.