இழப்பா, இசைவா? – மழலைச் செவி பற்றிய ஒரு கருத்தாக்கமும் அதன் தமிழ்க் கலைச்சொல்லும்

பிறந்த குழந்தை உலக மொழிகள் அனைத்தின் ஒலிகளையும் வேறுபடுத்தி அறியவல்லது. ஓராண்டு நிறைவதற்குள் தாய்மொழிக்கு வேண்டாத வேறுபாடுகளை அறியும் திறனை இழந்துவிடுகிறது என்னும் கருத்து, மொழியியல் அறிமுக நூல்களிலும் குழந்தை வளர்ப்பு நூல்களிலும் பெருவழக்காக உள்ளது. இக்கருத்து எச்சான்றின்மீது எழுந்தது, அச்சான்று இதனை எவ்வளவு தாங்கும், தமிழில் இதனை எடுத்துரைக்க ‘இழப்பு’ என்னும் சொல் பொருந்துமா என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

இக்கருத்திற்கு அடித்தளமாகக் காட்டப்பெறுவது, கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும் நிகழ்த்தி 1984இல் வெளியிட்ட ஆய்வாகும். இந்தியின் பல்லொலித் தகரத்திற்கும் நாவளை டகரத்திற்கும் இடையிலான வேறுபாட்டையும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் தாம்சன் மொழியில் பின்னண்ண ஒலிக்கும் உள்நாக்கொலிக்கும் இடையிலான வேறுபாட்டையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒளிரும் பொம்மையைக் காணலாம் எனக் குழந்தைகள் பழக்கப்பட்டனர். ஆங்கிலச் சூழலில் வளர்ந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலோர் இவ்வேறுபாடுகளை உணர்ந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுள் மிகச் சிலரே உணர்ந்தனர். அவ்வம்மொழிச் சூழலில் வளர்ந்த குழந்தைகளோ ஓராண்டு நெருங்கிய நிலையிலும் அவற்றை உணர்ந்தனர். வயதை மட்டுமன்றிக் கேட்கும் மொழியையும் காரணமாக நிறுவியதே இவ்வாய்வின் சிறப்பு. இப்பகுதியில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

எனினும், இவ்வாய்வின் தலைப்பே ‘இழப்பு’ என்று கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. புலனுணர்வின் மறுசீரமைப்பு என்றே அது கூறுகின்றது. ஆங்கிலம் பேசும் பெரியவர்களும் ஒலிகளுக்கிடையிலான இடைவெளியைக் குறைத்துக் கேட்பித்தால் இந்தி வேறுபாட்டை ஓரளவு உணர்கின்றனர் என்பதை வெர்க்கரின் அடுத்துவந்த ஆய்வுகள் காட்டின. செவி அவ்வேறுபாட்டைப் பெறுகிறது. மொழியொலியாக அதனை வகைப்படுத்தும் நிலையிலேயே அது புறக்கணிக்கப்படுகிறது. 1988இல் கேத்தரின் பெஸ்ட் முதலியோர் சூலு மொழியின் கிளிக் ஒலிகளைக்கொண்டு நிகழ்த்திய ஆய்வு மற்றொரு வரையறையைத் தந்தது. நாவைச் சொடுக்கி எழுப்பும் இவ்வொலிகளை ஒருபோதும் கேட்டறியாத ஆங்கிலச் சூழல் குழந்தைகள் ஓராண்டு கடந்தும் அவற்றை வேறுபடுத்தினர், பெரியவர்களும் வேறுபடுத்தினர். பயன்படாத வேறுபாடுகள் யாவும் மறையும் என்பது பொதுவிதியாயின், இவையும் மறைந்திருத்தல் வேண்டும்.

கருத்தின் முற்பகுதியும், அதாவது குழந்தை தொடக்கத்தில் எல்லாவற்றையும் உணரும் என்பதும், ஐயத்திற்குரியதே. பிலிப்பினோ மொழியில் ஙகரம் சொல்லின் முதலில் வரும். ந என்பதற்கும் ங என்பதற்கும் இடையிலான வேறுபாடு ஒலியியல் நிலையில் நுண்ணியது. சந்தன் நாராயணும் வெர்க்கரும் பேட்ரிஸ் பெடரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சூழல் குழந்தைகள் நான்கைந்து மாதத்திலேயே இதனை உணரவில்லை. பிலிப்பினோ குழந்தைகளும் ஆறு முதல் எட்டு மாதத்தில் உணரவில்லை. பத்து முதல் பன்னிரண்டு மாதத்திலேயே உணர்ந்தனர். ஆகவே பட்டறிவு இருந்ததைக் காப்பது மட்டுமன்று. இல்லாததை ஆக்கவும் செய்கிறது.

மேலும், பிறப்பு என்பதே தொடக்கப் புள்ளியன்று. கருவின் ஏறத்தாழ இருபத்தைந்தாம் வாரத்தையடுத்து ஒலிக்கு எதிர்வினை தோன்றுகின்றது. தாயின் உடல் உயர் அதிர்வெண்களைப் பெரிதும் வடிகட்டிவிட, பேச்சின் தாளமும் ஏற்ற இறக்கமும் கருவை எட்டுகின்றன. பிறந்து சில நாளே ஆன குழந்தை தாயின் குரலை விரும்பிக் கேட்கிறது என்பதை டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980இல் காட்டினர். எம்மொழியும் தொடாத செவி என்பது ஆய்வாளர் கற்பனையே அன்றிக் குழந்தையின் இயல்பு அன்று.

பட்டறிவு எவ்வாறு செயற்படுகிறது என்னும் வினா தமிழுக்கு நேரடித் தொடர்புடையது. ஓர் ஒலி காதில் விழுந்தால் போதும் என்று கருதுவது பொருந்தாது. தமிழ்க் குழந்தை ஒலிப்பிலா வல்லினத்தையும் ஒலிப்புடை வல்லினத்தையும் நாள்தோறும் கேட்கிறது. ‘கண்’ என்பதன் முதலொலியும் ‘தங்கம்’ என்பதன் ககர ஒலியும் வேறு. எனினும் தமிழ்ச் சொற்களில் இவை வருமிடத்தால் வேறுபடுவன. பொருளை வேறுபடுத்துவன அல்ல. குழந்தை பெறுவது ஒலிகளின் பட்டியலன்று, அவற்றின் வருகைமுறை. ஜெசிக்கா மேய், வெர்க்கர், லூயன் கெர்க்கன் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அரண் செய்கின்றது. ஒரே ஒலித்தொடர்ச்சியின் இரு முனைகளை மிகுதியாகக் கேட்ட ஆறு, எட்டு மாதக் குழந்தைகள் முனைகளை வேறுபடுத்தினர். நடுப்பகுதியை மிகுதியாகக் கேட்டவர்கள் வேறுபடுத்தவில்லை.

எனவே தமிழ்க் குழந்தைகளிடம் இத்தகைய ஆய்வை மேற்கொள்வோர் நெடுங்கணக்கை அளவுகோலாகக் கொள்ளுதல் கூடாது. எழுத்தில் ந, ன என இரண்டு இருப்பினும் இன்றைய பேச்சில் பெரும்பாலோர்க்கு அவை ஒலியால் வேறல்ல. ‘மனம்’, ‘மணம்’ என்பனவற்றின் வேறுபாடோ பலரது பேச்சில் நிலைத்துள்ளது. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வட்டாரக் குழந்தைக்கு ‘வாளை’, ‘வாழை’ ஆகியன ஒலியால் ஒன்றே. அக்குழந்தை ஒன்றை இழக்கவில்லை. தன் இல்லத்து மொழியைச் செம்மையாகக் கற்கிறது.

இனி மொழிபெயர்ப்புச் சிக்கல். ‘செவித்திறன் இழப்பு’ என்பது கேட்புக் குறைபாட்டைக் குறிக்கும் நிலைபெற்ற தொடர். அதே ‘இழப்பு’ நலமான வளர்ச்சியையும் குறிக்குமாயின், நோயும் வளர்ச்சியும் ஒரு பெயர் பெறுகின்றன. ‘எல்லாக் குழந்தைக்கும் ஓராண்டில் கேட்கும் திறன் குறையும்’ என்று ஒரு தாய் கையேட்டிலிருந்து பொருள் கொண்டால், ஒலிக்குத் திரும்பாத தன் குழந்தையைக் காட்டாது காத்திருக்க நேரும். ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் உதவி தொடங்கல் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட கால அளவு. செவிநரம்பு வழியே ஒலி சென்றாலன்றி மூளையின் கேட்புப் பகுதி உரியவாறு வளராது என்பதே இவ்விரைவிற்குக் காரணம். சொல்லால் விளையும் காலத்தாழ்வு எளிதில் ஈடுசெய்யத்தக்கதன்று.

இதற்கு மாற்றாகக் ‘குறுக்கம்’ என்று பெயர்க்கலாமெனின், அதுவும் இடர்ப்பாடுடையது. ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என இலக்கண நூலார் ஒலியின் மாத்திரை குறைதலுக்கே அச்சொல்லை வழங்கினர். குழந்தையின் செவியில் குறைவது மாத்திரை அன்று. ‘ஒலியுணர்வு இசைவாக்கம்’ என்னும் தொடர் சற்றே நீளினும், தாய்மொழியின் வருகைமுறைக்கேற்பச் செவி பதப்படுவதை அது சுட்டும். மங்குவதையும் கூர்மையுறுவதையும் ஒருங்கே தழுவும். ஒலியை ஏற்கும் ஆற்றலுக்குச் ‘செவித்திறன்’ என்றும், ஏற்ற ஒலியை வகைப்படுத்தும் ஆற்றலுக்கு ‘ஒலியுணர்வு’ என்றும் வரையறுத்துக்கொண்டால் மயக்கம் நீங்கும்.

தொல்காப்பியப் பிறப்பியல் ஒலியைப் பேசுவோனின் உறுப்பு முயற்சியிலிருந்து விளக்கியது. கேட்போனின் செவியிலிருந்து ஒலியை விளக்கும் கலைச்சொற்களைத் தமிழ் இப்போது ஆக்கிக்கொண்டு வருகிறது. அவ்வாக்கத்தில் முதற்சொல்லே ‘இழப்பு’ என அமைதல் தகாது.