ஆறு ஏர்பேக்கும் ஒரு சீட் பெல்ட்டும்: எக்ஸ்டர் காரை அறிந்து ஓட்டுதல்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி, 2023 ஜூலையில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் எக்ஸ்டர், விலை குறைந்த வகை உட்பட அனைத்திலும் ஆறு ஏர்பேக்குகளைக் கொண்டது என்பது சிறிய கார்களின் வரிசையில் பெரிய முன்னேற்றம். எனினும், மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள நெரிசலான தெருக்களிலும் விரகனூரை நோக்கிய சுற்றுச்சாலையிலும் இக்காரை ஓட்டிப் பார்க்கையில், ஓட்டுபவர் எவ்வளவு அறிந்திருக்கிறாரோ அவ்வளவே இக்கருவிகள் காக்கும் என்பது புலப்படுகிறது.

ஸ்டீயரிங்கின் நடுவில் காணப்படும் எஸ்.ஆர்.எஸ். என்னும் எழுத்துகள் துணைக் காப்பு அமைப்பைக் குறிக்கின்றன. துணை என்பது இங்கே சீட் பெல்ட்டுக்குத் துணை என்றே பொருள்படும். மோதல் நிகழ்ந்ததும் கண் இமைப்பதற்குள் வாயு நிரம்பி விரியும் ஏர்பேக், பெல்ட் அணியாமல் முன்னே பாயும் உடலுக்குத் தானே காயம் விளைவிக்கக்கூடும். ஆகவே மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே 25 செ.மீ. இடைவெளியேனும் இருக்குமாறு இருக்கையைப் பின்தள்ளி அமைத்துக்கொள்வதும், குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் அமராதிருப்பதும் கட்டாயம்.

சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். இயங்கும்போது, பிரேக் பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிரும். பழுது நேர்ந்துவிட்டதோ என அஞ்சிக் காலைத் தளர்த்துவோர் உண்டு. அவ்வதிர்வே கருவி வேலை செய்வதற்கான அடையாளமாதலால், பெடலை விடாமல் அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி இடையூற்றைத் தவிர்க்க வேண்டும். ஆனால் மணல் படிந்த சாலையோரத்தில், ஏ.பி.எஸ். இருந்தாலும் கார் நிற்கும் தூரம் கூடிவிடும். வளைவில் வழுக்கும் காரை, தேவையான சக்கரத்திற்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்கும் இ.எஸ்.சி. என்னும் கருவி, அறிமுகத்தின்போது அடிப்படை வகையில் இடம்பெறவில்லை. தொடுதிரைக்கும் சன்ரூஃபுக்கும் முன்னர் வாங்குபவர் கேட்டுப் பெறவேண்டியது இதுவே.

சுற்றுச்சாலையில் 80 கி.மீ. வேகத்தைக் கடந்ததும் எழும் எச்சரிக்கை ஒலி, 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஹசார்டு விளக்கின் பயனோ பரவலாகத் தவறாகவே விளங்கிக்கொள்ளப்படுகிறது. நாற்சந்தியில் நேராகச் செல்வதற்கு அதனை எரியவிடும் வழக்கத்தால் இடமும் வலமும் ஒருங்கே மின்னி, ஒரு பக்க விளக்கை மட்டும் காணும் பைக் ஓட்டுபவர் கார் திரும்பப்போகிறது எனக் கருத நேர்கிறது. பழுதாகி நின்றுவிட்ட காருக்கென்றே அமைந்த சிவப்பு முக்கோணப் பொத்தான் அது.

கார் வாங்கியவுடன் மாட்டப்படும் சீட் கவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன் இருக்கைகளின் வெளிப்புற ஓரத்தில்தான் பக்கவாட்டு ஏர்பேக்குகள் உள்ளன. தையலை ஒட்டிய சிறு அடையாளத்துணி அவ்விடத்தைக் காட்டும். இருக்கை முழுவதையும் இறுகப் போர்த்தும் தடித்த கவர் அவை விரிவதற்கு இடையூறாவதுடன், பின் இருக்கையின் பெல்ட் கொக்கிகளையும் அடியில் புதைத்துவிடுகிறது. ஓரம் திறந்த, ஏர்பேக்குக்கு ஏற்ற கவரைக் கேட்டு வாங்க வேண்டும். மாட்டி முடித்தபின் பின்னிருக்கையின் மூன்று கொக்கிகளும் கைக்கு எட்டுகின்றனவா என்று கடையிலேயே பூட்டிப் பார்த்துவிட வேண்டும்.