எல்லாத் துறைக்கும் ஒரே மேடை

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழக இயற்பியல் துறை, 1995 முதல் சனிக்கிழமைக் காலைகளில் பொதுமக்களுக்குச் சொற்பொழிவு நடத்திவருகிறது. ‘சாட்டர்டே மார்னிங் ஃபிசிக்ஸ்’ என்று பெயர். கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பெயரில்தான் இயற்பியல். மேடையில் அண்டவியல் வரும், உயிரணு வரும், தட்பவெப்பநிலை வரும், மருத்துவப் படக்கருவி வரும். ஓர் இயற்பியல் துறை இப்படி ஊரில் உள்ள அறிவியலையெல்லாம் தன் மேடைக்கு இழுத்துக்கொள்வது சரிதானா?

இத்தகைய நிகழ்ச்சிகளை ‘அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்கிறார்கள்’ என்று ஒரு வரியில் பாராட்டி அனுப்பிவிடுவது வழக்கம். அரங்கு நிறைந்ததா, சிறுவர்கள் வாய்பிளந்து பார்த்தார்களா என்பதோடு மதிப்பீடு முடிந்துவிடும். கேட்டுவிட்டுப் போகிறவருக்கு, தன்னிடம் சொல்லப்பட்டதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்ததா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் இங்கே எடைபோடப் பார்க்கிறேன். கைதட்டலை விட்டுவிடலாம், திரவ நைட்ரஜனை ஊற்றிப் புகைமூட்டம் காட்டினால் யாரும் கைதட்டுவார்கள்.

முதலில், எல்லாத் துறைக்கும் மேடை போடும் உரிமை இந்தத் துறைக்கு உண்டா என்பது. மிச்சிகனைப் பொறுத்தவரை உண்டு என்றே சொல்ல வேண்டும். அங்கே பேராசிரியராக இருந்த எச். ரிச்சர்ட் கிரேன், எலக்ட்ரானின் காந்தத் திறனை மிக நுட்பமாக அளந்தவர். அவரேதான் 1950 வாக்கில், அதே பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் ஜேம்ஸ் கிரிஃபினோடு சேர்ந்து கார்பன் காலக்கணிப்புக்கு ஓர் ஆய்வகம் அமைத்தார். கணித்த ஆண்டுகளை இருவர் பெயரும் போட்டே வெளியிட்டார்கள். பின்னாளில் ஊரில் திறந்த அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் காட்சிப்பொருள்களையும் கிரேன் தன் கையால் செய்துகொடுத்தார். ஆக, வேலி தாண்டுவது அந்தத் துறைக்குப் புதிதல்ல. தாண்டும்போது கிரேன் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார் என்பதுதான் இதில் முக்கியம்.

கார்பன் காலக்கணிப்பையே எடுத்துக்கொள்வோம். பல துறைப் பேச்சுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. கெடுப்பதற்கும் இதைவிட எளிதான பொருள் கிடையாது. கெடுக்கும் விதம் தெரிந்ததுதான். உயிர் இருக்கும்வரை உடலில் கார்பன்-14 நிரம்பிக்கொண்டிருக்கும், உயிர் போனபின் 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும், மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். மூன்று படம், ஒரு மம்மி, கைதட்டல். தவறாக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கேட்டவர் கையில் ஒரு மந்திரக்கோல்தான் மிஞ்சுகிறது.

உண்மையில் நடந்தது வேறு. 1940களின் பிற்பகுதியில் சிகாகோவில் வேதியியலாளர் வில்லார்ட் லிபி இதைச் செய்யப் புகுந்தபோது எதிர்ப்பட்ட சிக்கல் இது: உயிருள்ள பொருளின் ஒரு கிராம் கார்பனில் நிமிடத்துக்குப் பதினான்கு சிதைவு வாக்கில்தான் நடக்கும். வானத்திலிருந்து விழும் காஸ்மிக் கதிர்களோ சிதைவுகளை எண்ணும் கருவியான எண்ணியை அதைவிடப் பல மடங்கு தட்டிக்கொண்டிருக்கும். சந்தை இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கிற வேலை. கனத்த இரும்புச் சுவர் கட்டினார். அதையும் ஊடுருவி வருவதைப் பிடிக்க, நடுவில் இருந்த எண்ணியைச் சுற்றி இன்னொரு வளையமாக கெய்கர் எண்ணிகளை அடுக்கினார். வெளி வளையமும் உள் எண்ணியும் ஒரே நேரத்தில் துடித்தால் அது வெளியிலிருந்து வந்தது, கணக்கில் சேர்க்காதே. இது முடிந்ததும், வயது முன்பே தெரிந்த எகிப்தியக் கல்லறை மரத்துண்டுகளை வாங்கி அளந்து சரிபார்த்தார். 1949இல் முடிவு வெளியானது. 1960இல் நோபல் வந்தது, அதுவும் வேதியியலுக்கு.

கதை அங்கேயும் முடியவில்லை. காற்றில் கார்பன்-14இன் அளவு எக்காலத்திலும் ஒன்றாகவே இருந்தது என்று லிபி எடுத்துக்கொண்டார். அப்படி இல்லை என்று 1958இல் ஹெசல் டி வ்ரீஸ் காட்டினார். பிறகு, மர வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணியவர்கள் வந்து, கணித்த வயதை உண்மை வயதாக மாற்றும் திருத்த வளைகோடு போட்டுக் கொடுத்தார்கள். ஐயாயிரம் ஆண்டுப் பழைய பொருள்களின் வயது பல நூற்றாண்டுகள் பின்னே போனது. அதனால் பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் உள்ள பெருங்கற்கல்லறைகள் எகிப்தியப் பிரமிடுகளைவிட மூத்தவை என்றாயிற்று. கட்டக் கற்றுக்கொடுத்தது கிழக்கு என்ற பழைய வாதம் சரிந்தது. காட்டில் மர வளையம் எண்ணியவர் அணு ஆய்வகத்தைத் திருத்தினார். பல துறை மேடை என்றால் கேட்பவருக்குப் போய்ச்சேர வேண்டியது இதுதான்.

நம் ஊர் வாசகருக்கு இது எட்டாத விஷயம் அல்ல. கீழடி அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு அமெரிக்காவில் அளக்கப்பட்டு, கி.மு. 580 என்று வந்ததும் இங்கே நடந்த வாதப் பிரதிவாதங்களைப் பார்த்தோம். அந்தத் திருத்த வளைகோடு ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை தட்டையாகப் படுத்துக்கிடக்கிறது, அந்த இடைவெளியில் விழும் எந்தக் கணிப்பும் அகன்ற கால எல்லையைத்தான் தரும் என்பதை எத்தனை பேர் சொன்னார்கள்? கொண்டாடியவர்களும் மறுத்தவர்களும் பெரும்பாலும் சொல்லவில்லை.

பக்கத்துத் துறையைக் கூட்டிவராமல் இயற்பியலாளர் தனியாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு உண்டு. பூமியின் வயதை வெப்பக் கணக்கிலிருந்து சொன்ன கெல்வின், 1897ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் அதை 2 கோடியிலிருந்து 4 கோடி ஆண்டுக்குள் அடக்கினார். பாறைகளைப் படித்தவர்களுக்கு அது போதவில்லை. கெல்வின் பெயருக்கு முன்னால் அவர்கள் குரல் எடுபடவும் இல்லை. இன்றைய கணக்கு 454 கோடி.

இன்னொரு இயற்பியலாளரான ஷ்ரோடிங்கரின் விவகாரம் இன்னும் சிக்கலானது. 1943 பிப்ரவரியில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ‘உயிர் என்றால் என்ன’ என்று அவர் பேசினார். கேட்க வந்தவர்கள் ஏறக்குறைய 400 பேர். மறு ஆண்டு நூலாக வந்த அந்தப் பேச்சு, பின்னாளில் டி.என்.ஏ. ஆய்வில் பேர்பெற்ற வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரையும் மரபணுவின் பக்கம் திருப்பியது. பல துறைப் பேச்சுக்கு வாதாடுகிறவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். ஆனால் மூலக்கூறு உயிரியலாளர் மேக்ஸ் பெருட்ஸ் 1987இல் அதை மறுபடி ஆராய்ந்து, சரியாக இருந்தவை பிறர் சொன்னவை, சொந்தமாகச் சொன்னவற்றில் பெரும்பகுதி அப்போதே தவறென்று தெரிந்தவை என்ற முடிவுக்கு வந்தார். இரண்டும் உண்மை. அந்தப் பேச்சு ஆராய்ச்சியாளர்களுக்குக் கேள்வியைக் கொடுத்தது. அவர்கள் ஆய்வகத்துக்குப் போய்ச் சரிபார்த்துக்கொண்டார்கள். அரங்கில் இருந்த மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. வாட்சனைத் திருப்பியது என்பது டப்ளின் கூட்டத்துக்கு நல்ல பேச்சாக அமைந்தது என்பதற்குச் சான்றாகாது.

இனி, நேர அமைப்பு. வாரம் ஒரு பேச்சாளர், வாரம் ஒரு துறை என்பது மிச்சிகன் வழி. லிபி வேலை செய்த அதே சிகாகோ நிறுவனம் இன்று என்ரிக்கோ ஃபெர்மி பெயரில் இயங்குகிறது. அது 1976 முதல் நடத்தும் காம்ப்டன் சொற்பொழிவுகளின் வழி வேறு. அதுவும் சனிக்கிழமைதான், அதுவும் இலவசம்தான். ஆனால் ஓர் இளம் ஆய்வாளர் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் தொடர்ந்து பேசுகிறார். இரண்டாம் வாரம் வருபவருக்கு முதல் வாரத்தில் எழுந்த சந்தேகத்தைக் கேட்க இடம் இருக்கிறது. பேச்சாளரும் இது தெரிந்தால்தான் அது புரியும் என்று படி கட்டிப் போக முடிகிறது. குறையும் உண்டு: ஒரு சனிக்கிழமை தவறியவர் பாதியில் வந்து உட்காரத் தயங்குவார், அந்தப் பொருளில் ஆசை இல்லாதவர் அந்தப் பருவம் முழுக்க வரவே மாட்டார். கடைக்காரருக்கும் பாட்டிக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் கதவு அகலமாகத் திறந்திருப்பது மிச்சிகனில்தான்.

என் தீர்ப்பு இது. இயற்பியல் துறை எல்லாத் துறைகளுக்கும் மேடை போடுவதில் தவறில்லை. அளவுகோலும் கருவியும் பல இடங்களுக்கு அங்கிருந்துதான் போகின்றன. கருவியைத் திறந்து காட்டாமல் விடையை மட்டும் அறிவிக்கும் பேச்சு அந்த மேடையில் ஏறக் கூடாது. அது உயிரியல் துறையில் நடந்தாலாவது கேட்பவர் உயிரியலாளரின் சொல்லாக எடுத்துக்கொள்வார். இங்கே இயற்பியலின் கௌரவமும் இலவசமாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு மணி நேரத்தில் பெரும்பாலான பேச்சாளர்கள் கருவியைத் திறப்பதில்லை, அதற்கு நேரம் இருப்பதும் இல்லை. ஆகவே வாரத்துக்கு ஒரு துறை என்ற சுழற்சிக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். இரண்டில் ஒன்று என்றால் சிகாகோ.

ஆனால் சிகாகோவின் நடையில் மிச்சிகனின் பொருள்களைப் பேசலாமே. ஒரே பொருளுக்கு நான்கு சனிக்கிழமை ஒதுக்கட்டும். முதல் வாரம் இரும்புச் சுவருக்குள் இருக்கும் எண்ணியைக் காட்டட்டும். இரண்டாம் வாரம் குழி தோண்டுகிற தொல்லியலாளர், கரித்துண்டு கிடைத்த மண்ணடுக்குக்கும் மேலே கிடந்த பானைக்கும் என்ன உறவு என்று சொல்லட்டும். மூன்றாவது மர வளையம் எண்ணுகிறவருக்கு. நான்காம் வாரம் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, பேச்சே இல்லாமல், முழுக்கக் கேள்விக்கு விட்டுவிடட்டும்.